எண்பத்தாறு கிலோ மணல்

குளியலறையில் இருந்த எடை பார்க்கும் கருவி காணாமல் போய் இரண்டு மாதமாகியிருந்தது. பெரில் கேட்டபோது, உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவள் புருஷன் நெவில் சொன்னான். பிப்ரவரிக் கடைசியில் தக்காளி விதைப் பொட்டலத்தைத் தேடி ஷெட்டுக்குப் போனவள், பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் அதைக் கண்டாள். ஏறி நின்று பார்த்தாள். ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே டப்பாக்களையும் முன்பு இருந்தபடி அடுக்கிவிட்டு வந்தாள். கேட்கவில்லை.

கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள் விழுந்திருந்தன. தரைக்கம்பளம் நெய்யும் ஆலையில் முப்பத்தாறு வருஷம் தறி பழுதுபார்த்தவன். தோலில் ஓட்டை போடும் இடுக்கி வைத்திருந்தான், ஓட்டைகள் அளவெடுத்த மாதிரி வட்டமாக இருந்தன. அடுப்பங்கரையில் ஜன்னலைத் திற, வேர்க்கிறது என்பான். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். அப்படி வேர்க்கிறவன் ஆலைச் சீருடைக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டான். காலையில் நான்கு முட்டை, ஆறு துண்டு ரொட்டி, பன்றி இறைச்சி வறுவல். பதினோரு மணிக்கு மறுபடியும் பாத்திரத்தைத் திறப்பான். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சீருடை மட்டும் நடந்து போவது போல இருக்கும் பின்னாலிருந்து பார்த்தால்.

நெவிலின் அப்பாவும் இப்படித்தான் போனார். ஓர் அக்டோபரில் கால்சட்டை தொளதொளத்தது, பிப்ரவரியில் தூக்கிப்போனார்கள். அவரைத் தூக்கிய நாலு பேரில் நெவிலும் ஒருவன். பெட்டிதான் கனமாக இருந்தது என்று ஒரே ஒரு தடவை பெரிலிடம் சொல்லியிருக்கிறான்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாமே" என்று ஜனவரியிலேயே அவள் சொன்னாள்.

"காரை முடிச்சுட்டுப் போறேன்."

"காரு என்ன, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணா? அது எங்க போயிடப் போவுது?"

"ஏப்ரல்ல குன்று ஏறணும் பெரில். ஷாக் நாலும் ஒழுவுது. முடிச்சுட்டுப் போறேன்னு சொன்னா போவேன்."

கார் என்பது அறுபத்தெட்டில் செய்த எலான் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம். உடம்பு கண்ணாடிநாரில் செய்தது, கையால் தட்டினால் பிரம்புக்கூடை போலச் சத்தம் வரும். வருஷத்துக்கு ஐந்து முறை பிராக்டன் குன்றின் வளைந்த பாதையில் அதை ஏற்றுவான். முக்கால் மைல், ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்காக மற்ற முந்நூற்று அறுபது நாளும் அதன் அடியில் படுத்துக் கிடப்பான்.

புது ஷாக் அப்சார்பர்களை பெரிலின் தம்பி ஓவன்தான் தன் வேனில் கொண்டுவந்தான். பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரங்களுக்கு ரிப்பேர் பார்ப்பவன், கல்யாணம் ஆகாதவன், நூற்றுப் பத்து கிலோ. வடக்கே ஒரு சின்னப் பட்டறையில், ஒற்றை ஆளாக ஒருவர் கையால் செய்து அனுப்பியவை அவை. இறுக்கத்தைக் கூட்டக் குறைக்க பக்கவாட்டில் ஒரு குமிழ். திருகினால் கிளிக் கிளிக்கென்று பன்னிரண்டு நிலை. ஸ்பிரிங்கின் அடியில் மரை போட்ட வளையம். அதை ஏற்றி இறக்கினால் அந்த மூலையில் காரின் உயரமும் மாறும், அந்தச் சக்கரம் சுமக்கும் எடையும் மாறும்.

"நாலு காலும் சரியாத் தாங்கணும்" என்றான் ஓவன், பெட்டியைப் பிரித்தபடி. "கட்டில்ல ஒரு காலுக்கு அடியில காகிதம் மடிச்சு வைக்கிறோமில்ல, அதே வேலைதான். என்ன, இந்தக் கட்டிலு நூறு மைல் வேகத்துல ஓடும்."

நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைக்கிற எடைத்தட்டுகள் குன்றேறும் பந்தயக்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தம். மாதத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். மார்ச் இரண்டாம் சனிக்கிழமை இவர்கள் முறை. தரை மட்டமாக இருந்தால்தான் எடை சரியாக வரும். ஷெட்டின் தரையோ ஆற்றுப் பக்கமாகச் சரிந்தது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை மூலைக்கு மூலை பிடித்து மட்டம் பார்த்து, பள்ளமான இடங்களில் தரைவிரிப்பு லினோலியத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் தட்டை வைப்பார்கள்.

"ஆயுசு பூரா கம்பள ஆலையில வேலை பாத்தவன் வீட்டுல லினோலியம்" என்பான் ஓவன் வருஷா வருஷம். நெவிலும் வருஷா வருஷம், "கம்பளம் அமுங்கும்டா மடையா" என்பான்.

பன்னிரண்டு வருஷமாக ஒரே வழக்கம். வெறும் காரை முதலில் நிறுத்து எழுதுவார்கள். பிறகு நெவில் ஹெல்மெட்டும் ஷூவும் மாட்டிக்கொண்டு, பந்தய நாளில் போலவே உள்ளே உட்காருவான். ஓவன் அடியில் படுத்து கொக்கி ஸ்பானரால் வளையங்களைத் திருகுவான். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து நோட்டில் எண்களை எழுதுவது பெரிலின் வேலை. அவளைவிட்டால் அதற்கு ஆளில்லை. தானிய மண்டியின் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக லாரி நிறுப்பவள் அவள்.

இந்த வருஷம் நெவில் வழக்கத்தை மாற்றினான். அந்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"மண்டில மணல் இருக்கும்ல? எண்பத்தாறு கிலோ நிறுத்துக் கட்டி எடுத்துட்டு வாயேன்."

"எதுக்கு?"

"சீட்டுல வைக்க. ஏறி எறங்கி முட்டி வலிக்குது. போன வருஷ நோட்டுல எண்பத்தாறுன்னுதான் இருக்கு."

பெரில் அவனுடைய கைகளைப் பார்த்தாள். முள்கரண்டி தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி மெல்லிய ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. அவன் மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சரி" என்றாள்.

வியாழக்கிழமை மண்டியில் நாலு சாக்கில் மணலை அள்ளி அவளே நிறுத்தாள். எண்பத்தாறு சரியாக நின்றபோது, இது இல்லாத ஒரு ஆள் என்று நினைப்பு ஓடியது. சாக்குகளின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டே இருந்தது. ஷாக்குகளை வியாழன் இரவும் வெள்ளியும் மாட்டி முடித்திருந்தார்கள். வெறும் கார் அறுநூற்று எண்பத்தொன்று. மூட்டைகளை ஏற்றியதும் எழுநூற்று அறுபத்தேழு. ஓவன் திருகினான், காரைத் தள்ளி உருட்டி, மூக்கையும் வாலையும் அமுக்கி ஆட்டி, மறுபடி தட்டுகளில் ஏற்றினான். மறுபடி திருகினான். மதியம் பாலாடைக்கட்டியும் வினிகரில் ஊறிய வெங்காயமும் ரொட்டியும் தின்றார்கள். நெவில் தன் பங்கைத் தின்றுவிட்டு ஓவனுடைய தட்டைப் பார்த்தான்.

"எடுத்துக்க மச்சான். எனக்கே டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்கான்" என்றான் ஓவன். பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்தான். "நீ என்ன, குடல்ல பாம்பு வளக்கிறியா?"

"வேலை செய்யறவனுக்குப் பசிக்கும். உன்னை மாதிரி படுத்துக் கெடந்தா பசிக்காது."

"நான் படுத்துக் கெடக்கறது உன் காருக்கு அடியிலடா கெழவா."

நாலு மணிக்கு எண்கள் பொருந்தின. குமிழ்களை முழுக்கத் தளர்த்தி, அங்கிருந்து எண்ணி, முன்னால் ஐந்து கிளிக், பின்னால் நான்கு என்று வைத்தார்கள். மழை விட்டதும் நெவில் காரை எடுத்துக்கொண்டு பாலத்துப் பாதையில் இறங்கினான். பெரில் வாசற்கதவருகே நின்று கேட்டாள். என்ஜின் சத்தம் வளைவில் மறைந்தது, திரும்ப ஏறியது, பிரேக். கிறீச்சென்ற ஒற்றை ஓசை. பிறகு ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். ஐம்பத்தேழு வயதில், ரப்பர் பூட்ஸோடு. கார் புல்மேட்டில் ஒரு சக்கரம் ஏறி நின்றிருந்தது. வேலிக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. நெவில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அடி ஒண்ணும் படல" என்றான். "பிரேக் போட்டா வலது முன்சக்கரம் பூட்டிக்குது. மத்த மூணும் சும்மா உருளுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஓவன் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தான். குறை இல்லை. டயர்களை மாற்றிப் போட்டான். கிளிக்கைக் கூட்டினான், குறைத்தான். நெவில் பாலம் வரை போய் வருவான். ஒவ்வொரு முறையும் பாதையில் ஒற்றைக் கறுப்புக் கோடு. நனைந்த தாரில் வலப்பக்கம் மட்டும்.

மூன்று மணிக்கு ஓவன் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஷாக்குதான். வலது முன்னாடி இருக்கிறது சரியில்ல. உள்ள வால்வு எதையோ மாத்தி வச்சு அனுப்பியிருக்கான் அந்த ஆளு. நாலையும் கழட்டிப் பெட்டியில போடுவோம். அக்கா, ஒரு காகிதம் எடு. நான் சொல்றேன், எழுது."

பெரில் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"ஐயா, நீங்க அனுப்பின சாமான்ல பழுது இருக்கு. என் மச்சான் வேலியில விழுந்து சாவத் தெரிஞ்சான். வேலை தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுத்தான்..."

"ஏய்" என்றான் நெவில்.

"என்ன ஏய்?"

"அந்த ஷாக்க நான் கையில பிடிச்சு அமுக்கிப் பாத்தேன். நாலும் ஒண்ணு போல இருந்துது. அந்தாளு வேலை சுத்தம்."

"அப்ப எதுதான் பழுது? பிரேக் இல்ல, டயரு இல்ல, ஸ்பிரிங் இல்ல. உன் சித்தப்பனா வந்து பிரேக் பூட்டறான்? ஒண்ணு செய்வோம். மூட்டைய எறக்கிட்டு நீ ஏறு. எப்பவும் போல நிறுத்துப் பாத்துடுவோம்."

"அதான் எண்பத்தாறுன்னு வச்சாச்சே."

"மணலும் மனுசனும் ஒண்ணா? மணலு காலை நீட்டி உக்காராது. ஏறுங்கறேன்."

"முட்டி வலிக்குதுன்னேன்ல!" நெவில் கத்தினான். அவன் அப்படிக் கத்தி அந்த ஷெட் கேட்டதில்லை. கதவை அறைந்துகொண்டு வீட்டுக்குள் போனான்.

ஓவன் வாயைத் திறந்தபடி நின்றான். "நான் என்னக்கா சொல்லிட்டேன்?"

பெரில் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து பின்னால் போனால் நெவில் வேறு ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதை அவனுக்கு மிச்சம் பண்ணலாம் என்று தோன்றியது. கூரைத் தகரத்தில் மழை மறுபடி ஆரம்பித்தது. அடுப்பங்கரை ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். மென்று முடித்த பிறகும் அங்கேயே நின்றான்.

"சொல்லு, எழுதறேன்" என்றாள் தம்பியிடம், சும்மா இருக்க முடியாமல்.

"வேலை தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுத்தான் வாங்கினோம்..."

ஷெட் கதவு திறந்தது. நெவில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தான். இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றியிருந்தான். சீருடை தோளிலிருந்து தொங்கியது, ஆணியில் மாட்டினது போல.

"அந்தக் காகிதத்தக் கிழி" என்றான். "செய்யாத தப்புக்கு ஒருத்தன் பேச்சு வாங்கக் கூடாது. மூட்டைய எறக்கு ஓவன்."

ஓவன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நாலு மூட்டையையும் இறக்கி வைத்தான். பெட்ரோலை அளந்து நேற்றைய அளவுக்கு ஊற்றினான். கார் தட்டுகளில் ஏறியது. நெவில் காலைத் தூக்கி உள்ளே வைத்து, மெதுவாக இருக்கையில் இறங்கினான். அந்த இருக்கையில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது. ஹெல்மெட்டை மாட்டி, முன் கண்ணாடி வழியே சுவரைப் பார்த்தான்.

"வாசிக்கட்டா?" என்றான் ஓவன்.

"வாசி."

"இடது முன்னாடி நூத்து எழுபது. இடது பின்னாடி நூத்துத் தொண்ணூறு." அவன் சுற்றி வந்தான். "வலது முன்னாடி... இரு. நூத்து எழுபத்தெட்டு. இல்ல, ஏழு. எட்டு. இது நிக்க மாட்டேங்குது."

"தட்டு சரியா உக்காரலியோ?"

"உக்காந்திருக்கு. நேத்து நின்னுதே." வலது பின்சக்கரத்துக்குப் போனான். "இதுவும் ஆடுது. இருநூத்து ஒம்போது, பத்து, ஒம்போது."

பெரில் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். சின்னச் சிவப்பு எண்கள் துடித்துக்கொண்டிருந்தன. கார் அணைந்திருந்தது. காற்றும் இல்லை. இதை அவள் தினமும் பார்க்கிறாள். எடைமேடையில் லாரி ஏறி நிற்கும், முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், அவள் ஜன்னலைத் திறந்து கத்துவாள்: என்ஜினை அணையப்பா!

திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்து நாலையும் கூட்டினாள். நிறை வண்டியிலிருந்து வெறும் வண்டியைக் கழித்தால் உள்ளே இருப்பது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்யும் கணக்கு. இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றான் நெவில், சுவரைப் பார்த்தபடியே.

"அறுபத்தாறு. ஹெல்மெட்டோட."

ஓவன் கையிலிருந்த துணியால் இல்லாத எண்ணெயைத் துடைத்தான்.

"இருபது கிலோ" என்றான் கடைசியில். "யோவ். இருபது கிலோவ எங்கய்யா வச்சே?"

"தெரியலடா" என்றான் நெவில். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் சின்னதாக இருந்தது. "எங்கப்பாவுக்கும் தெரியல."

பெரில் கார் கதவருகே போய், நனைந்த தரையில் மண்டியிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். அது உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் போறோம்" என்றாள்.

"காரு..."

"காரு சொல்லிடுச்சு நெவில். அது சொல்ல வேண்டியது அவ்வளவுதான்."

டாக்டர் ஹாஸ்வெல் சின்ன உருவம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசுபவர். நெவில் சொன்னதைவிடச் சொல்லாததே அதிகம். எவ்வளவு நாளாக என்றதற்கு, கொஞ்ச நாளாக என்றான். பசி உண்டா என்றதற்கு, பரவாயில்லை என்றான். பெரிலுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நான் எடைமேடையில வேலை பாக்கறவ. நேத்து இவர எடை போட்டோம். கொறைஞ்சது ஒரு பக்கம் இருக்கட்டும். முள்ளு நிக்கல. என்ஜின அணைக்காத லாரி ஏறி நின்னா எப்படி ஆடுமோ அப்படி ஆடுச்சு. நாலு ஆளு தின்னறதத் தின்னறாரு. பனியில வேர்க்குது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து நெவிலின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார், அது சலசலத்தது. அவன் பின்னால் போய் நின்று, கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார்.

"என்ஜின் அணையலேன்னு சொன்னீங்க இல்ல?" என்றார். "கிட்டத்தட்ட அதேதான்னு நெனைக்கிறேன். ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேற எதையும் நீங்களா முடிவு பண்ண வேண்டாம் மிஸ்டர் டிராண்டர்."

எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர்கள் காரைப் பற்றித்தான் பேசினார்கள்.

போன் வந்தபோது பெரில் எடைமேடையில் இருந்தாள். வெளியே பார்லி ஏற்றிய லாரி நின்றிருந்தது. டாக்டர் மெதுவாக, இரண்டு முறை சொன்னார். கழுத்தில் இருக்கிற தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. மாத்திரை இருக்கிறது. நாளாகும், ஆனால் அடங்கும். அவன் பயந்தது, அவன் அப்பாவைக் கொண்டுபோனது, இல்லை.

"அது இல்லியே?" என்றாள் பெரில். "நிச்சயமா அது இல்லியே?"

"அது இல்ல."

போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, லாரிக்காரனிடம் சீட்டை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

"பெரில் அக்கா, இதுல என் லாரி அறுபத்தாறு கிலோன்னு எழுதியிருக்கு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். லாரிக்காரன் பயந்துபோய் என்ஜினை அணைத்தான்.

அன்று சாயங்காலம் சொன்னபோது நெவில் சும்மா தலையை ஆட்டினான். ஷெட்டுக்குப் போய், பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி, எடைக்கருவியை எடுத்துக்கொண்டு வந்து குளியலறையில் பழைய இடத்தில் வைத்தான்.

"ரிப்பேர் பண்ணிட்டியா?" என்றாள் பெரில்.

"ஆமா. சின்ன வேலைதான்."

ஏப்ரல் பந்தயத்துக்குப் போகவில்லை, டாக்டர் விடவில்லை. காரை அறுபத்தாறு கிலோவுக்கு வைத்து, அவன் உட்காரும் வலப்பக்கத்தில் எடை சரியாக விழுந்த அன்றே வலது சக்கரம் பூட்டுவது நின்றுவிட்டது. பட்டறைக்காரருக்கு பெரில் வேறொரு கடிதம் எழுதினாள்: சாமான் அருமை. ஆற்றோரம் பிளம் மரங்கள் பூத்து உதிர்ந்தன. மே மாதம் நெவில் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தி மாட்டினான். ஜூனில் ஸ்டூவை மிச்சம் வைத்தான். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு பெரில் கொஞ்ச நேரம் தட்டைக் கழுவாமல் நின்றாள்.

ஓவனுக்குத்தான் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடைத்தட்டுகளைக் கடன் வாங்கி வந்து, லினோலியம் அடுக்கி, அடியில் படுத்து வளையத்தைத் திருகினான்.

"ஒரு எடையில நில்லுய்யா" என்று அடியிலிருந்து கத்துவான். "இன்னும் ஒரு துண்டு பிரெட் புட்டிங் தின்னேன்னா மரையே தேஞ்சுடும்."

"உன்ன உள்ள உக்கார வச்சா வளையமே பத்தாதுடா."

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். அதற்கு முந்தின சனிக்கிழமை வெயில் அடித்தது. ஷெட் கதவைத் திறந்தே வைத்தார்கள், பக்கத்துத் தோட்டத்தில் ஆப்பிள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெவில் ஹெல்மெட்டோடு உள்ளே இறங்கினான். இருக்கை அவனைப் பிடித்துக்கொண்டது. ஓவன் வரிசையாக வாசித்தான். பெரில் எழுதினாள், கூட்டினாள், கழித்தாள். எழுபத்தொன்பது.

"அக்கா, வந்து பாரேன்" என்றான் ஓவன், வலது பின்சக்கரத்தருகே.

குனிந்து பார்த்தாள். இருநூற்றுப் பதினேழு. எண் அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏழு ஏழாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மஞ்சள் கார் பதினோரு கோடை குன்றேறியது. அந்த நோட்டில் பெரிலின் கையெழுத்து பக்கம் பக்கமாக நீண்டது. கடைசிப் பக்கங்களில் எண்கள் பெரிதாக இருக்கும், கண்ணாடி மாற்ற வேண்டியிருந்த காலம். ஆனால் அவள் இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பது அந்தச் செப்டம்பர்ப் பக்கத்தைத்தான்.

"என்ன, எழுதியாச்சா இல்லியா?" அந்தச் சனிக்கிழமை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நெவில் கத்தினான். "இடுப்பு ஒடியுது. எறங்கட்டா?"

"எழுதிட்டேன்" என்றாள் பெரில். "கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திரு."